வெற்றிலைக்குள் மடித்த சத்து மாத்திரை

கண்ணு,

நடவு தொடங்கிய வாரத்தில் நீ போனில் சொன்னதற்கு இத்தனை நாள் கழித்துப் பதில் எழுதுகிறேன். "நீ பொயல போடறத வுட்டாத்தான் நான் பிரசவத்துக்கு அங்க வருவேன். இல்லைன்னா இங்கயே ஆம்பூர்லயே பெத்துக்கறேன்" என்றாய். புகையிலையின் பேரை எடுத்ததும் நான் போனை வைத்துவிட்டேன். கோபத்தில் வைக்கவில்லை என்றால் அது பொய். தலைச்சன் பிரசவம் தாய்வீட்டில் நடக்க வேண்டும் என்பது நம் பக்கத்தில் எந்தப் புத்தகத்திலும் எழுதாத சட்டம். வருடக்கணக்காகப் பேசாத அம்மாவும் மகளும்கூட அந்த மூன்று மாதத்துக்குச் சமாதானமாகி, குழந்தை பிறந்தபிறகு விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்வார்கள். நீ அந்தச் சட்டத்தையே பிடுங்கி என் தலையில் அடித்துவிட்டாய். அன்றிலிருந்து அப்பாவிடம் மட்டும் பேசுகிறாய். அவர் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, "உங்கம்மா கடைக்குப் போயிருக்காமா" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்கிறார். நான் பக்கத்திலேயே மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உனக்கும் அது தெரியும். இப்படி மூன்று பேரும் சேர்ந்து நாடகம் நடத்துகிற வேளையில், உன் மாமியார் தொட்டில் வாங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது, என்னாலும் போனை வைக்க முடியாது.

உன் போனுக்கு முதல் நாள் நான் கழனியில் விழுந்த கதையை அப்பா உனக்குத் தம் பாணியில் சொல்லியிருப்பார். நான் சொல்வதையும் கேள். ஏரிக்குக் கீழே ஜெயராமன் அண்ணன் கழனியில் நடவு. பாதி வரிசை வந்திருப்போம். காது அடைத்தது, கையில் இருந்த நாற்றுக் கட்டு, அந்த ஒரு முடி, இரண்டாகத் தெரிந்தது, அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். நான் மயங்கியதை யாரும் நம்பவில்லை. எங்கள் நடவு ஆட்களின் செட்டை நடத்துகிற முனியம்மா அக்கா திரும்பிப் பார்த்து, "ஏ காலேஜி, இன்னாமே இது புச்சா கீது, குந்திக்கினே நடறியா?" என்று கத்தினாள். பி.ஏ. முடித்துவிட்டு நாற்று நட வந்தவள் என்பதால் எனக்கு அங்கே காலேஜி என்று பெயர். அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்து முடித்தபிறகுதான் என் தலை சாய்ந்ததைப் பார்த்து ஓடி வந்திருக்கிறார்கள். வரப்பில் கிடத்தி முகத்தில் தண்ணீர் அடித்து, வாயைத் திறந்து பார்த்தால் நான் அடக்கி வைத்திருந்த புகையிலை அப்படியே பத்திரமாக இருந்ததாம். "நெனவு போச்சு, பொயல போவல" என்று முனியம்மா இன்றுவரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். பிறகு கூட வந்த முனியம்மாவின் இமையையும் இழுத்துப் பார்த்தார். "இவ்ளோ கம்மியான ரத்தத்தை வச்சிக்கிட்டு எப்படிம்மா நிக்கறீங்க?" என்று கேட்டார். "நிக்கறது எங்க சார், நாளெல்லாம் குனிஞ்சிக்கினுதான் கீறோம்" என்றாள் அவள். டாக்டருக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தார். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டபோது நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பரீட்சையில் பாடத்திட்டத்துக்கு வெளியே கேள்வி கேட்டால் பிள்ளைகள் பார்ப்பார்களே, அப்படி.

உனக்கு இது புரிய வேண்டும் என்பதற்காகப் பழைய கதை கொஞ்சம் சொல்கிறேன். கல்யாணமான புதிதில் ஆசிரியர் வேலைக்குக் காத்திருந்தேன். வேலை வரவில்லை, நடவு வந்தது. முதல் நாள் நல்ல பிள்ளையாக மூன்று தோசை தின்றுவிட்டுக் கழனிக்குப் போனேன். குனிந்த சற்று நேரத்தில் மூன்று தோசையும் தொண்டைக்கு வந்து எட்டிப் பார்த்தன. செட்டே சிரித்தது. "நாஷ்டா துன்னுட்டு எவளாச்சும் நடவுக்கு வருவாளா? வயிறு காலியா இருந்தாத்தான் இடுப்பு மடங்கும்" என்று முனியம்மா சொல்லி, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, பாக்கும் ஒரு கிள்ளு புகையிலையும் வைத்து என் வாயில் திணித்தாள். தலை கிறுகிறுத்தது. ஆனால் மதியச் சோறு வரும்வரை பசி என்ற ஒன்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் செட்டின் வழக்கம் அதுதான். கழனிக்காரர் வெற்றிலை பாக்கு புகையிலைக் கட்டைக் கொண்டுவந்து வரப்பில் வைத்தால்தான் நாங்கள் சேற்றில் கால் வைப்போம். அந்தக் கட்டுக்குள் புகையிலை குறைந்தால் அன்றைக்கு வரிசை கோணும். கழனிக்காரர்களுக்கும் இது தெரியும். டிபன் கேட்காத ஆட்கள், ஒரு கிள்ளு புகையிலையில் வேலை செய்கிறார்கள் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? எனக்கும் அப்போது கசக்கவில்லை. நான் சரித்திரம் படித்தவள். எத்தனையோ ராஜாக்கள் பட்டினி கிடக்கும் ஜனங்களை எப்படி அடக்கி வைத்தார்கள் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். என் வயிற்றை நானே அடக்கி வைத்திருந்தது மட்டும் எனக்கு உறைக்கவே இல்லை.

இப்போது உன் நிச்சயதார்த்தப் போட்டோவுக்கு வருகிறேன். அதில் நான் ஏன் சிரிக்கவில்லை என்று நீ இரண்டு முறை கேட்டாய். மாப்பிள்ளை வீடு எனக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்து ஒரு முறை அழவும் செய்தாய். நடந்தது வேறு. அந்த வாரம் சுகாதார நிலையத்து நர்சம்மா ஊசி, பெட்டி எல்லாவற்றோடும் கழனிக்கே வந்துவிட்டார். விரலில் குத்தி ரத்தம் பார்க்கிறார்கள் என்றதும் பாம்புக்குப் பயப்படாத முனியம்மா பம்ப்செட் ரூமுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். பிடித்துக்கொண்டு வந்து குத்தினார்கள். செட்டில் ஒருத்திக்கும் ரத்தம் போதவில்லை. எல்லாருக்கும் சத்து மாத்திரை கொடுத்து, "தினமும் மறக்காம போடணும், சாப்பிட்டதும் போடணும்" என்று மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் வரப்பில் உட்கார்ந்து ஆலோசனை செய்தோம். சாப்பிட்டதும் என்றால் மதியம். மதியத்துக்குள் மறந்துவிடும். நாங்கள் தினமும் மறக்காமல் வாயில் போடுவது ஒன்றே ஒன்றுதான். "அப்ப அதோட சேத்து மடிச்சிட்டா சோலி முடிஞ்சிது" என்றாள் முனியம்மா. பி.ஏ. படித்த நானும், "நல்ல ஐடியாக்கா" என்றேன். வெற்றிலைக்குள் மாத்திரையை மடித்து, எல்லாரும் ஒன்றாக மென்றோம்.

முதலில் இனித்தது. பிறகு துருப்பிடித்த தாழ்ப்பாளை நக்கியதுபோல இருந்தது. பக்கத்து வரிசையில் இருந்தவள் எதற்கோ பல்லைக் காட்டினாள், நான் அலறிவிட்டேன். அவள் என் வாயைப் பார்த்து அலறினாள். பல், ஈறு, நாக்கு எல்லாம் மை ஊற்றியதுபோல ஒரே கறுப்பு. தண்ணீர் பாய்ச்ச வந்த ஜெயராமன் அண்ணன், "இன்னா எல்லாரும் நாவப்பழம் துன்னீங்களா? இது சீசனே இல்லியே" என்று கேட்டுவிட்டு, முனியம்மா பதில் சொல்ல வாயைத் திறந்ததும் இரண்டடி பின்வாங்கினார். வீட்டுக்கு வந்தால் உன் அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. நல்லவேளை, நீ ஜாக்கெட் வாங்கத் தையல்காரரிடம் போயிருந்தாய், உனக்குச் சொல்லக்கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கிவிட்டேன். உன் அப்பா வேலை செய்கிற ராணிப்பேட்டை தோல் கம்பெனியில் மரப்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதப்படுத்துகிற தோல்மேல் ஒரு இரும்பு ஆணி பட்டால் போதும், கறுத்துப்போய்விடும் என்று மேஸ்திரி கத்திக்கொண்டே இருப்பாராம். "பாக்குலயும் அந்தத் துவர்ப்புதான் கீது. உன்ன நீயே பதம் போட்டுக்கினே" என்றார். சாயந்திரம் விஷயம் கேட்டு வந்த நர்சம்மாவோ சிரிக்கவில்லை. பாக்கோடு சேர்த்தால் சத்து உடம்பில் ஏறவே ஏறாது, டீயோடு போட்டாலும் ஏறாது என்று செட்டையே வரிசையாக நிற்க வைத்துத் திட்டினார்.

மறுநாள் உன் நிச்சயம். பித்தளைச் சொம்பு துலக்குவதுபோலப் புளி போட்டுத் துலக்கினேன். பல் கொஞ்சம் வெளுத்தது, ஈறின் கறுப்பு அசையவில்லை. நிச்சயம் முழுக்க வாயை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன். உன் மாமியார் ஆசையாக ஆற்காட்டிலிருந்து வாங்கி வந்த மக்கன் பேடாவை என் வாயில் ஊட்ட வந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் முகம் விழுந்துவிட்டது. உன் அப்பா குறுக்கே பாய்ந்து, "அவளுக்கு சுகருங்க சம்பந்தி" என்றார். அவ்வளவுதான். படித்தவள், திமிர் பிடித்தவள், சர்க்கரை வியாதிக்காரி என்று மூன்று பட்டம் ஒரே நாளில் கிடைத்தது. முதலாவது மட்டும்தான் நிஜம். இன்றுவரை உங்கள் வீட்டுக்கு வந்தால் எனக்கு மட்டும் சர்க்கரை போடாத காபி வருகிறது, நானும் மருந்துபோலக் குடிக்கிறேன். இதைப் படித்ததும் உன் மாமியாரிடம் நீயே சொல்லிவிடு. சொல்லும்போது அவர் கையில் சூடாக எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்.

சிரிப்பதற்காக மட்டும் இதையெல்லாம் எழுதவில்லை. அன்று நான் போனை வைத்தபிறகு நீ அப்பாவைக் கூப்பிட்டு மிச்சத்தைச் சொன்னாய். "எனக்கும் ரத்தம் கம்மின்னு சொல்லிட்டாங்கப்பா. எனக்கு ஆஸ்பத்திரி கீது. அம்மா இப்டி உழுந்துக்கினே இருந்தா என் புள்ளய யாரு தூக்குவா?" என்றாய். ஸ்பீக்கரில் கேட்டேன். மிளகாய் கிள்ளிய கையைக் கண்ணில் வைத்துக்கொண்டேன் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் நம்பியதாகக் காட்டிக்கொண்டார்.

மறுநாளே நிறுத்தினேன். அதைப் பற்றி உன் அப்பாவிடம் கேட்காதே, பாவம், அந்த வாரம் அவர் ஓவர்டைம் கேட்டு வாங்கிக்கொண்டு கம்பெனியிலேயே இருந்தார். கிராம்பு மென்றேன், சீரகம் மென்றேன், கொப்பரைத் துண்டு மென்றேன். வாய் நாள் முழுக்க எதையோ தேடிக்கொண்டே இருந்தது. பசுமாட்டோடு சண்டை போட்டேன். அதுவும் அசைபோட்டுக்கொண்டே என்னைப் பார்த்தது. "நீ பொயல போட்டப்பவே கொஞ்சம் நல்லவளா இருந்தியோன்னு தோணுது" என்று அப்பா வாய்விட்டுவிட்டார். அன்று ராத்திரி அவருக்கு ரசம் மட்டும்தான்.

பிறகு ஒரு காலை, கழனிக்குக் கிளம்பும் நேரம், வயிற்றுக்குள் ஏதோ பிறாண்டியது. வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்தேன். அது போகவில்லை. நெஞ்சு எரிச்சலும் இல்லை, வலியும் இல்லை. அடுப்பில் உன் அப்பாவுக்காகக் கேழ்வரகுக் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது, அந்த வாசனைக்கு வாயில் எச்சில் ஊறியபோதுதான் புரிந்தது. பசி. காலைப் பசி. அதை நான் பார்த்துப் பல வருடமாகிவிட்டது. அது வந்து கதவைத் தட்டும் முன்பே ஒரு கிள்ளு புகையிலையை அனுப்பி, "அம்மா வீட்ல இல்ல" என்று சொல்லி விரட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். உட்கார்ந்து இரண்டு சொம்பு கூழ் குடித்தேன், மிச்சத்தைத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டேன். உன் அப்பா வந்து காலிப் பானையைப் பார்த்துவிட்டு ஓட்டலுக்குப் போனார்.

அந்த வாளியைக் கழனிக்கு எடுத்துப் போனேன், முருங்கைக்கீரைப் பொரியலோடு. செட்டு விடுமா? "காலேஜி பிக்னிக் வந்துக்கீறா" என்றார்கள். "துன்னுட்டு குனி, வாந்தி எடு, நாத்துக்கு உரம் ஆவும்" என்றாள் முனியம்மா. நான் பாதி வாளியோடு நிறுத்திக்கொண்டேன். நாற்று முடிகளைக் கழனியில் வீசிப் பரப்புகிற வேலையை முதலில் வாங்கிச் செய்தேன், அதற்குள் குடித்த கூழ் செரித்து இறங்கிவிடும். பிறகு குனிந்தேன். ஒன்றும் எட்டிப் பார்க்கவில்லை. வயிறு நிரம்பினால் இடுப்பு மடங்காது என்று இத்தனை வருடம் நாங்கள் சொல்லிக்கொண்டதற்கு மூன்று தோசையும் அவசரமும்தான் காரணம் என்று அன்றுதான் தெரிந்தது. அடுத்த வாரம் இன்னொருத்தி டப்பாவோடு வந்தாள். முனியம்மா டப்பா கொண்டு வரவில்லை. "பொரியல்ல உப்பு சரியா கீதான்னு பாக்கறேன்" என்று தினமும் பாதிப் பொரியலைப் பார்த்தாள்.

ஜெயராமன் அண்ணனுக்குத்தான் குழப்பம். "அப்ப கட்டுல உன் பங்கக் கொறச்சிடட்டா?" என்று ஆசையாகக் கேட்டார். "எனக்குப் பதிலுக்கு வேர்க்கடலை உருண்டை வாங்கியாங்கண்ணா" என்றேன். உடனே மற்றவர்கள், "அவளுக்கு மட்டும் இன்னா ஸ்பெஷல்? எங்களுக்கும் உருண்டை. பொயலயும் இருக்கட்டும்" என்றார்கள். "ஒருத்தி திருந்துனா எனக்கு ரெட்டை பேஜாரு" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனாலும் வாங்கி வந்தார், கண்ணு. வரப்பில் வெற்றிலைக் கட்டுக்குப் பக்கத்தில் இப்போது ஒரு டப்பா கடலை உருண்டை இருக்கிறது. கட்டு இன்னும் போகவில்லை. கொஞ்சம் இளைத்திருக்கிறது.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நீ பொயலையைத் தொட்டதில்லை, சரி. கம்பெனி பஸ் வரும் முன்னால் காலையில் நீ என்ன சாப்பிடுகிறாய்? டீயும் ரஸ்க்கும் என்று மாப்பிள்ளை அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அந்த ரஸ்க்கையும் பாதி நாள் பையிலேயே வைத்துத் திரும்பக் கொண்டு வருகிறாயாம். காலேஜுக்குப் போகும்போதும் அப்படித்தான் ஓடுவாய். "வயிறு காலியா இருந்தா வேல வேகமா ஓடும்மா" என்பாய். அது யாருடைய வசனம் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. நகை, புடவை என்று உனக்கு நான் கொடுத்தது கொஞ்சம்தான். கேட்காமலேயே கொடுத்தது இந்த வெறும் வயிறு. ஷூ கம்பெனியில் நீ உட்கார்ந்து வேலை செய்கிறாய், நான் சேற்றில் குனிந்து செய்கிறேன், காலையில் இரண்டு பேர் வயிற்றிலும் இருப்பது ஒன்றுதான். உனக்குள் இப்போது இன்னொரு வயிறும் இருக்கிறது. நர்சு கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டுப் போடு, டீயோடு போடாதே. இதில் எனக்கு அனுபவம் இருக்கிறது என்று நீ ஒப்புக்கொள்வாய்.

கடிதத்தை இங்கேயே நிறுத்தி, "நான் விட்டுவிட்டேன், கிளம்பி வா" என்று முடித்திருக்கலாம். போன வியாழக்கிழமைவரை அப்படித்தான் முடிப்பதாக இருந்தேன். வியாழக்கிழமை கடைசிக் கழனி. நடவு முடிகிற இடத்தில் கடைசி முடியை நட்டதும், கழனிக்காரர் தட்டில் வைத்து வெற்றிலை கொடுப்பார். அதை மறுத்தால் பூமி கோபித்துக்கொள்ளும் என்பார்கள். தூறல் வேறு. எல்லாரும் குலவையிட்டார்கள். "வேணாங்க்கா" என்று நான் சொல்வதற்காகத் திறந்த வாயில் முனியம்மா மடித்து வைத்துவிட்டாள். துப்பியிருக்கலாம். துப்பவில்லை. நன்றாக இருந்தது, கண்ணு. அதுதான் பயமாக இருக்கிறது. மறுநாள் தொடவில்லை, அதற்கு மறுநாளும் இல்லை. ஆனால் அடுத்த நடவு வரும், களையெடுப்பு வரும், முனியம்மா வருவாள். உன்னிடம் இதை மறைத்திருந்தால் உனக்குத் தெரிந்திருக்காது. உன் பிரசவத்தைப் பொய் சொல்லி வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே நீ போட்ட நிபந்தனைப்படி நீ இங்கே வர வேண்டாம். நான் அங்கே வருகிறேன்.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "பொண்ணூட்ல போயி மாசக்கணக்குல குந்திக்கினா ஊரு சிரிக்காதா?" என்றார். கறுத்த ஈறோடு செட்டு முழுக்கச் சிரித்ததைப் பார்த்த ஊர்தானே, சிரிக்கட்டும். முறைப்படி சம்பந்தியிடம் நான் போனில் கேட்டேன். அவர் ஓடிக்கொண்டிருந்த மிக்சியை நிறுத்தினார். பிறகு, "வாங்க சம்பந்தி, பெரிய தொட்டிலா வாங்கனது நல்லதாப் போச்சு" என்றார். அவர் கிண்டல் செய்கிறாரா, அன்பாகச் சொல்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. வந்து தெரிந்துகொள்கிறேன். ஒன்று மட்டும் நிச்சயம், அவர் மூக்கைத் தாண்டி ஒரு கிள்ளு புகையிலை அந்த வீட்டுக்குள் வர முடியாது. எந்த டாக்டராலும் எனக்கு அவ்வளவு நல்ல காவல் போட்டுக்கொடுக்க முடியாது. என்னைக் காவல் காக்க அவர், உன்னை உட்கார வைத்து ஊட்ட நான், எங்கள் இருவரையும் சமாதானப்படுத்த நீ. குழந்தை பிறப்பதற்குள் யாருக்காவது ரத்தம் ஏறத்தான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ். கேழ்வரகு மாவு ஒரு பை, காயவைத்த முருங்கைக்கீரை ஒரு பை, என் புடவைகள் ஒரு பை கட்டிவிட்டேன். இத்தனை வருடம் வெற்றிலை புகையிலை வைத்து இடுப்பில் செருகிய சுருக்குப் பையை முனியம்மாவிடம் கொடுத்துவிட்டேன். "நீ திரும்பி வர்ற வரைக்கும் வச்சிக்கறேன்" என்றாள். "நீயே வச்சிக்கோ" என்று சொல்லிவிட்டு நடந்தேன். இடுப்பில் அந்தக் கனம் இல்லாமல் நடப்பது புடவை அவிழ்ந்துவிட்டதுபோலவே இருக்கிறது. வழியெல்லாம் கை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். புடவை சரியாகத்தான் இருந்தது.

உன் அம்மா